குட்டிக் குதிரையின் இடது காது

நெடுந்தீவு மேற்கு,
16.06.2025

லோஜனா அக்காவுக்கு,

மரண அறிவித்தல்.

நெடுந்தீவு மேற்கைப் பிறப்பிடமாகவும் எனது இடது பாதத்தை வதிவிடமாகவும் கொண்ட பாட்டாச் செருப்பு, கடந்த வியாழக்கிழமை பிற்பகல் குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் திரும்பும் வழியில் நடுக்கடலில் காலமானது. காலில் இருந்தவர் காலமானதில் வியப்பில்லை என்றாலும் துயரம் பெரிது. அன்னார் வலதுகாற் செருப்பின் பாசமிகு துணையும், என் நண்பன் அன்ரனின் முதுகில் பலமுறை பதிந்த அன்புத் தோழரும் ஆவார். இறுதிக் கிரியைகளை மீன்கள் பொறுப்பேற்றன. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், குறிப்பாகத் தொலைபேசியை அடைத்து வைத்திருக்கும் உறவினர் ஏற்றுக்கொள்ளவும்.

தகவல்: வலதுகாற் செருப்பு.

வேறு செய்தி: நான் நலம். நீங்கள் நலமில்லை என்பது தெரியும். வியாழன் பின்னேரத்திலிருந்து உங்கள் வாட்ஸப் படம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் வட்டம்தான் இருக்கிறது. சரவணையில் உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்துப் பெரியம்மாவிடம் கேட்டேன். "அவள் உன்னோடை கதைக்க மாட்டாளாம். சொல்லுறதெண்டால் கடிதத்திலை எழுதட்டாம்" என்றா. கடிதம்! தபால்கந்தோரில் முத்திரை கேட்டால் அங்கே இருந்தவர், "ஆருக்கடா, காதலிக்கோ?" என்றார். "இல்லை அண்ணை, என்னைக் கொல்லப்போற ஆளுக்கு" என்றேன். "அப்ப காதலிதான்" என்று சொல்லி முத்திரையைக் கிழித்துத் தந்தார்.

சரி, வழக்குக்கு வருவோம். குற்றம் இதுதான்: பள்ளிக்கூடச் சுற்றுலாவில் உங்கள் பல்கலைக்கழகத்து முள்ளந்தண்டு விலங்குகள் அருங்காட்சியகத்துக்கு வந்த இடத்தில், நீங்கள் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சிரித்தேன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு முதல் ஒரு மணித்தியாலம் நான் எவ்வளவு நல்ல பிள்ளையாக இருந்தேன் என்பதையும் நீதிமன்றம் கவனிக்கவேண்டும். போமலின் போத்தலுக்குள் சுருண்டு கிடந்த கடற்பாம்பைக் காட்டி அன்ரன் "நூடில்ஸ்" என்றான், நான் சிரிக்கவில்லை. முதலையின் வாய்க்குள் ஆரோ இனிப்புச் சுற்றிய ரொபித் தாள் செருகியிருந்தார்கள். செருகியவன் நானில்லை, எடுத்தவன்தான் நான். கடற்பசுவின் மண்டையோட்டைப் பற்றி நீங்கள் நீட்டி முழக்கியபோது எங்கள் மேரிசுகந்தி ரீச்சரே கொட்டாவி விட்டா. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கடைசிக் கண்ணாடி அலுமாரிக்கு வந்தோம். உள்ளே பஞ்சடைத்த குதிரைக்குட்டி.

"இது உங்கடை நெடுந்தீவுக் குதிரைதான், பிள்ளையள். இந்த இடது காதைப் பாருங்கோ, மூண்டு வெட்டு. வரட்சியிலை தண்ணிக்குச் சண்டை வந்து பெரிய குதிரையொண்டு கடிச்ச காயம். இதைப்பற்றித்தான் என்ரை ஆராய்ச்சி" என்றீர்கள்.

அங்கேதான் சிரித்தேன். ஏன் என்று கேட்கவேண்டாம். சிரிப்புக்குக் காரணம் கேட்பது இருமலுக்குக் காரணம் கேட்பது மாதிரி.

தண்டனையும் அனுபவித்துவிட்டேன். மேரிசுகந்தி ரீச்சர் காதைப் பிடித்து வெளியே இழுத்துப் போனதில் என் இடது காதிலும் காயம். உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டுமென்றால் தருகிறேன், பஞ்சு மட்டும் அடைக்கக்கூடாது. திரும்பும் வழியில், படகு ஓர் அலையில் எழும்பிக் குத்தியபோது கடலில் விழப்போன ஒரு சின்னப் பெடியனை ஒற்றைக் கையால் இழுத்துக் காப்பாற்றினேன். செருப்பு வீரமரணம் அடைந்தது அப்போதுதான். குதிரை உதைத்த தழும்புள்ள காலோடு இப்போது வெறுங்காலில் நடக்கிறேன். இரங்குங்கோ. தொலைபேசியைத் திறவுங்கோ.

இப்படிக்கு,
ஒற்றைச் செருப்பன்
பிரதாபன்


யாழ்ப்பாணம்,
21.06.2025

பிரதாபனுக்கு,

"அன்புள்ள" என்று தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பேனா மாட்டேன் என்கிறது.

உன்னைத் தொலைபேசியில் ஏன் அடைத்தேன் என்று சொல்கிறேன். உன் குரலைக் கேட்டால் இரண்டாவது வசனத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். சின்ன வயதிலிருந்து இதுதான் நடக்கிறது. தலைக்கு வைக்கும் எண்ணெய்ப் போத்தலில் நீ சீனிப்பாணி ஊற்றி வைத்து, பள்ளிக்கூடம் முழுக்க எறும்போடு நான் போனபோதும் இப்படித்தான் கதைத்துத் தப்பினாய். இந்த முறை தப்ப ஏலாது. எழுத்தில்தான் பதில் வேண்டும்.

நீ சிரித்தாய். உன்னைப் பார்த்து முப்பது பிள்ளைகள் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதுதான் உன் கெட்டித்தனம். கதவடியில் பேராசிரியர் வைத்திலிங்கம் நின்றதை நீ காணவில்லை. என் ஆராய்ச்சியை மேற்பார்வை செய்கிறவர் அவர்தான். இரண்டு வருடத்துக்கு முந்தின வரட்சியில் அந்தக் குட்டியை நெடுந்தீவிலிருந்து கொண்டுவந்து பதப்படுத்தியதும் அவர்தான். "உம்மடை ஆராய்ச்சி பகிடியாப் போச்சுது போலை" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அந்தக் காதோடு நான் ஏழு மாதம் இருந்திருக்கிறேன், பிரதாபன். அளந்தேன், படம் கீறினேன், குதிரைகள் கடிபடுவதைப் பற்றி எழுதப்பட்டவற்றையெல்லாம் தேடிப் படித்தேன். மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்த மூன்று வெட்டுத்தான். அடுத்த மாதம் முப்பதாம் திகதி வெளியிலிருந்து பரிசோதகர் வருகிறார். அதே அலுமாரிக்கு முன்னால் நின்று அதே விளக்கத்தை நான் சொல்லவேண்டும். அவர் ஏற்காவிட்டால் பட்டம் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போகும். சரவணையில் அம்மா பட்டமளிப்புக்குச் சீலை எடுத்து மடித்து வைத்திருக்கிறா. இப்போதெல்லாம் கண்ணை மூடினால் பரிசோதகரின் முகம் வரவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நீ நிற்கிறாய்.

ஆகவே பேராசிரியருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதி எனக்கு அனுப்பு. ஒழுங்கான கடிதம். அதோடு நீ ஏன் சிரித்தாய் என்றும் எழுது. இருமல் கதை எனக்கு வேண்டாம். நீ பெரிய குரங்குதான், ஆனால் காரணமில்லாமல் ஒருநாளும் சிரித்ததில்லை. எனக்குப் பயமே அதுதான்.

லோஜனா

கடலில் விழப்போன பெடியனின் பெயர் என்ன?


நெடுந்தீவு மேற்கு,
27.06.2025

அக்கா,

கேட்டபடி மன்னிப்புக் கடிதம் கீழே. தனியாக எழுத வேறு தாள் இல்லை, கத்தரித்துக் கொடுக்கவும்.

"மாண்புமிகு பேராசிரியர் அவர்கட்கு, முள்ளந்தண்டு இருந்தும் வளைந்து நின்று பிரதாபன் எழுதிக்கொள்வது. தங்கள் அருங்காட்சியகத்தில் கடந்த பன்னிரண்டாம் திகதி நான் சிரித்ததற்கு, அங்கு வதியும் சகல உயிரினங்களிடமும், அதாவது உயிர் இல்லாத உயிரினங்களிடமும், தனித்தனியே மன்னிப்புக் கோருகிறேன். முதலையார் என்னை மன்னித்துவிட்டார், அவர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்ததை நானே கண்டேன். வௌவால் தலைகீழாகத் தொங்கியதால் நான் அழுவதாக நினைத்திருக்கும். தங்கள் மாணவி லோஜனா மிகவும் கெட்டிக்காரி. அவரின் விளக்கத்தில் குறை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. இனிமேல் நான் சிரிப்பதென்றால் முற்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி பெறுவேன். இப்படிக்கு, முள்ளந்தண்டிலிகள் பிரிவில் வைக்கத் தகுதியுள்ள, பிரதாபன்."

நல்லாயிருக்கிறதா? அன்ரன் வாசித்துவிட்டு, "உன்னைப் பள்ளிக்கூடத்தாலை கலைக்கப்போறாங்கள்" என்றான். அவனுக்கு இலக்கியம் தெரியாது.

காரணம் கேட்டீர்கள். அக்கா, அந்தக் காதைக் கடித்தவரை எனக்கு நேரில் தெரியும். வடிவான ஆள். கெட்டிக்காரன். குதிரைப் பல் மட்டும் அவருக்கு இல்லை. இதற்குமேல் சொல்ல என் வாய் பூட்டியிருக்கிறது. திறப்பு உங்கள் தொலைபேசியில் இருக்கிறது.

பெடியனின் பெயர் கேட்கவில்லை. வீரர்கள் பெயர் கேட்பதில்லை.

பிரதாபன்


யாழ்ப்பாணம்,
02.07.2025

டேய் பிரதாபன்,

உன் "மன்னிப்புக் கடிதத்தை" நான் பேராசிரியரிடம் கொடுக்கவில்லை. கிழிக்கவும் இல்லை. உன் கல்யாணத்தன்று சபையில் வாசிக்க வைத்திருக்கிறேன்.

உனக்கு எல்லாமே பகிடியா? நான் இங்கே சோறு இறங்காமல் இருக்கிறேன், நீ வௌவால் கதை எழுதுகிறாய். உன்னை வளர்த்த சின்னம்மாவுக்கும் சித்தப்பாவுக்கும் கோயில் கட்டிக் கும்பிடலாம். ஒரு கேள்விக்கு ஒரு பதில். இவ்வளவுதான் கேட்டேன். அதற்குக்கூடத் திறப்பு, பூட்டு, பேரம்.

ஆனால் "ஒன்றைத் தவிர" என்று எழுதினாய் பார், அந்த இரண்டு சொல் என்னை விடவில்லை. திங்கட்கிழமை அலுமாரியைத் திறப்பித்து, உருப்பெருக்கும் கண்ணாடியை வைத்து அந்தக் காதைத் திரும்பப் பார்த்தேன். ஏழு மாதமாகப் பார்த்த காதுதான். கடி என்று முதலிலேயே முடிவெடுத்துவிட்டுப் பார்த்ததால் கடியாகத்தான் தெரிந்தது. இப்போது பார்த்தால் விளிம்பு நேராக இருக்கிறது. பல் பட்டால் தோல் பிய்ந்து, கோணலாகக் கிழியும். இது பிய்ந்ததில்லை. மேலே இரண்டு, கீழே ஒன்று, மூன்றும் ஒரே அளவு ஆழம். எந்தக் குதிரை அளந்து கடிக்கும்?

முப்பதாம் திகதிக்கு இன்னும் நாலு கிழமைதான் இருக்கிறது, என் மூன்றாம் அத்தியாயம் என் முன்னாலேயே கழன்று விழுகிறது.

ஆர் வெட்டினது? கத்தியா? ஏன்? உனக்குத் தெரிந்தால் நேராக எழுது. உனக்குத் தெரியாமல் சும்மா என்னைச் சுற்றுகிறாய் என்றால் அதையும் எழுது, நான் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வேறு வழி பார்க்கிறேன். பகிடி விட்டாயென்றால் அடுத்த படகில் நானே வருவேன். வந்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

லோஜனா


நெடுந்தீவு மேற்கு,
08.07.2025

அக்கா,

படகில் வரவேண்டாம், கடல் குழப்பமாக இருக்கிறது. சொல்கிறேன். எழும்பி நின்று வாசிக்கவும்.

கடித்தவர் நான்தான்.

சரவணையில் நீங்கள் பாலைப் பக்கற்றில் வாங்குகிற ஆட்கள், அதனால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. இங்கே மாடுகள் கட்டாக்காலியாக வெளியில்தான் மேயும். ஆருடைய மாடு எது என்று தெரிய ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு காதுக்குறி இருக்கிறது. எங்கள் வீட்டுக்குறி இடது காதில் மேலே இரண்டு வெட்டு, கீழே ஒன்று. எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீங்கள் எங்கள் மாடுகளின் கண்ணைப் பார்த்து "ஐயோ வடிவு" என்றீர்கள். காதை ஒருநாளும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏழு மாதம் மிச்சம். பிறகு நான் சிரிக்காமல் என்ன செய்ய? எங்கள் அப்பாவின் மாட்டுக்குறிக்கு முன்னால் நின்றுகொண்டு "பெரிய குதிரை கடிச்சது" என்கிறீர்கள்! கண்ணாடிக்குக் கிட்ட நின்றவன் நான் ஒருவன்தான். அன்ரனின் ஆட்கள் மீன்பிடிகாரர், அவனுக்குக் காதைப் பற்றி என்ன தெரியும், மீனுக்குக் காது இருக்கிறதா?

இனி வீர வரலாறு. அந்த வரட்சி வருடம், பெருக்கமரத்தடிக்கு அப்பால் உள்ள வெளியில் ஒரு குட்டி நின்றது. குட்டி என்று லேசாக நினைக்கவேண்டாம். கண் இரண்டும் தணல். மூச்சு விட்டால் புழுதி எழும்பும். ஆரும் கிட்டப் போக ஏலாது. நான் போனேன். தன்னந்தனிய. கயிற்றைச் சுழற்றி எறிந்தேன், முதல் எறியிலேயே கழுத்தில் விழுந்தது. அது என்னை இழுத்துக்கொண்டு கல்வேலி பாய்ந்தது. ஒரு வேலி இல்லை, மூன்று வேலி. நாகதாளிப் பற்றைக்குள் விழுத்தி உதைத்தது பாருங்கோ ஒரு உதை, அதுதான் என் காலில் இருக்கிற தழும்பு. விட்டேனா? ஒரு கையால் காதைப் பிடித்தேன், மற்றக் கையால் அப்பாவின் வில்லுக்கத்தியை விரித்தேன். சறுக், சறுக், சறுக். வேலை முடிந்தது. குட்டி காற்றாய்ப் பறந்துவிட்டது. இங்கே காட்டுக் குதிரையெல்லாம் அரசாங்கத்துச் சொத்து, அதில் ஒன்றைத் தன் குறியில் வைத்திருந்த ஒரே மனிதன் இந்தத் தீவில் நான்தான்.

ஏன் செய்தேன்? பகிடிக்குத்தான். அப்பாவின் மாட்டுக் கூட்டத்தில் ஒரு குதிரை நின்றால் எப்படி இருக்கும்!

அலுமாரியில் ஒட்டியிருக்கிற விளக்கத்தை மாற்றி எழுதச் சொல்லுங்கோ. என் பெயருக்கு முன்னால் "திரு" போடவேண்டும்.

திரு. பிரதாபன்


யாழ்ப்பாணம்,
14.07.2025

திரு. பிரதாபன் அவர்களுக்கு,

எழும்பி நின்றுதான் வாசித்தேன். வாசித்து முடியக் கதிரையில் இருந்துவிட்டேன்.

உனக்கு எத்தனை தரம் சொல்வது? நேராக எழுது என்றேன். பாதியை நேராக எழுதிவிட்டு மீதிப் பாதியில் குதிரை ஓட்டுகிறாய். குறி விசயம் உண்மை என்று விளங்குகிறது. எங்கள் வீட்டுப் பழைய படங்களில் உங்கள் மாடுகள் நிற்கிற படம் ஒன்று இருந்தது, அம்மா அனுப்பினா. காதைப் பார்த்தேன். என் தலையில் நானே குட்டிக்கொண்டேன். உங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து பால்தேத்தண்ணி குடித்தவள் நான்.

பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். "சேர், அது கடி இல்லை. நெடுந்தீவிலை மாட்டுக்கு வைக்கிற காதுக்குறி" என்றேன்.

"உமக்கு இதைச் சொன்னது ஆர்?"

"அண்டைக்குச் சிரிச்ச பெடியன், சேர்."

"அப்ப அவன் சிரிச்சதிலை பிழையில்லை. உம்மடை மூண்டாம் அத்தியாயம் போச்சுது. ஆனால் மாட்டுக்கு வைக்கிற குறியைக் காட்டுக் குதிரைக்கு ஏன் வைச்சவன்? அதைச் சரியா எழுதினீர் எண்டால் அது வேறை நல்ல அத்தியாயம். கேட்டுக்கொண்டு வாரும். பகிடிக்கு எண்டு மட்டும் எழுதிக்கொண்டு வந்திடாதையும்."

பார், நீ எழுதப்போவது அவருக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

இப்போது கேள். அந்தக் குட்டியின் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் கிடையாது, காதின் அர்த்தத்தைத் தவிர. அஞ்சு ஆறு மாதக் குட்டி அது. பதப்படுத்த முதல் எடுத்த படத்தில் விலா எலும்பைத் தோலுக்கு மேலாலேயே எண்ணலாம். நேற்றுக் குளம்புகளைப் பார்த்தேன், தேயவே இல்லை. மூன்று கல்வேலி பாய்ந்த குளம்பாம்! கழுத்தில் கயிறு உரசிய அடையாளம் ஒன்றும் இல்லை. இன்னொன்று: வெட்டின விளிம்பு ஆறத் தொடங்கியிருக்கிறது. அப்படியென்றால் வெட்டிய பிறகும் அது கொஞ்ச நாள் உயிரோடு இருந்திருக்கிறது. தனியே நின்ற குட்டி, ஒரு சொட்டு மழை இல்லாத மாதத்தில், எப்படி இருந்தது? ஆரோ பார்த்திருக்கிறார்கள்.

மேரிசுகந்தி ரீச்சரோடும் கதைத்தேன். "படகிலை ஒருத்தரும் விழப்போகேல்லை, லோஜனா. இவன் பின்பக்கம் தனியப் போய் இருந்தவன். கூப்பிட்டும் வரேல்லை. நெடுந்தீவு வருமட்டும் வாய் திறக்கேல்லை. எனக்கே பயமாப் போச்சு, பிரதாபன் வாய் திறக்காமல் இருக்கிறானெண்டால் காய்ச்சலோ எண்டு தொட்டுப் பாத்தனான்" என்றா.

உன்மேல் இருந்த கோபம் எல்லாம் அப்படியே இருக்கிறது. அதற்கு மேலால் இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது, அது என்னவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எரிச்சலாக இருக்கிறது. உன்னிடமிருந்து ஒரு உண்மையை எடுப்பது, குரங்கின் கையிலிருந்து மூக்குக்கண்ணாடியை வாங்குவது மாதிரி.

முப்பதாம் திகதி கிட்ட வந்துவிட்டது. நீ சொல்லாவிட்டால் அந்த இடத்தில் "காரணம் தெரியவில்லை" என்றுதான் எழுதுவேன். பரிசோதகர் அதோடு என்னை விடமாட்டார். ஆனால் உன் கயிற்றுக் கதையை எழுதமாட்டேன். ஒரு தரம் பிழையாக எழுதியது போதும்.

ஏன் வெட்டினாய்?

அக்கா


நெடுந்தீவு மேற்கு,
19.07.2025

அக்கா,

இந்த முறை அறிவித்தல் ஒன்றும் இல்லை.

குட்டியை நான் துரத்தவில்லை. அதுதான் எங்கள் மாடுகளுக்குப் பின்னால் வந்தது. அதன் தாய் வற்றின கேணியடியில் செத்துக் கிடந்தது. கொஞ்ச நாள் அங்கேயே நின்றது, பிறகு எங்கள் சிவப்பிப் பசுவைத் தாய் என்று நினைத்ததோ என்னவோ, அதன் பின்னால் வரத் தொடங்கியது. பசு இடித்துத் தள்ளும். திரும்பவும் வரும். வெட்கம் கெட்ட குட்டி, என்னை மாதிரி.

அந்த வருடம் எங்கள் கிணறு உப்பாகிவிட்டது. பவுசர் வண்டியில் வருகிற தண்ணீர்தான் வீட்டுக்கும் மாட்டுக்கும். அப்பா தொட்டியில் ஊற்றும்போது சத்தம் கேட்டு ஊரிலுள்ள கட்டாக்காலி எல்லாம் வந்து நிற்கும். ஆரார் மாடோ, குதிரையோ. அப்பா தடியோடு நின்று கலைப்பார். "குறி உள்ளதுக்கு மட்டுந்தான் தண்ணி. எல்லாத்துக்கும் ஊத்தினால் எங்கடையள் செத்துப்போம்" என்றார். அப்பா பொல்லாத ஆளில்லை, அக்கா. சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொள்வார், குட்டியைப் பார்க்கமாட்டார்.

குறி உள்ளதுக்கு மட்டும் என்றால், குறி வைத்துவிட்டால் சரிதானே? அதுதான் காரணம். வேறு இல்லை. உங்கள் பேராசிரியருக்கு இது போதுமா என்று தெரியாது. தண்ணீருக்காக வந்த வெட்டு என்று நீங்கள் சொன்னதில் பாதி சரி.

அடுத்த நாள் காலை தொட்டியடியில் அப்பா அந்தக் காதைக் கண்டார். இரத்தம் காயவில்லை. பிறகு என்னைப் பார்த்தார். அடி விழப்போகிறது என்று நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன்.

"உது எங்கடையோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. எங்கடைதான்."

"அப்ப பேசினை எடுத்துக்கொண்டு வா. தொட்டியிலை மாடு இடிக்கும்."

பேசினில் குடித்தது. குடித்துவிட்டு மூக்கை என் சேட்டில் துடைத்தது. அதன் பிறகு எங்கள் ஆட்களோடுதான் நின்றது. பெயர் வைக்கவில்லை, வைத்தால் அன்ரன் பகிடி பண்ணுவான் என்று. கொஞ்ச நாள் இருந்தது. ஒருநாள் காலை எழும்பவில்லை. மழை அதற்கு அடுத்த கிழமை வந்தது, நல்லாகப் பெய்தது, எல்லோரும் சந்தோசமாக நனைந்தார்கள். நான் நனையவில்லை.

மழைக்கு முதலே உங்கள் பல்கலைக்கழக ஆட்கள் வந்து அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். குறி உள்ளது செத்தால் உடையவனிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுத்தான் எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். அவர்களுக்கு அது தெரியாது. நான் கல்வேலிக்குப் பின்னால்தான் நின்றேன். "அது எங்கடை" என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத நாள் அதுவும், அந்தப் படகு நாளும்தான்.

அருங்காட்சியகத்துக்கு வரும்போது அது அங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியாது. கடைசி அலுமாரியில் திடீரென்று கண்டேன். உங்கள் ஆட்கள் அதை நிமிர்த்தி, கழுத்தைத் தூக்கி, நாலு காலிலும் நேராக நிற்க வைத்திருக்கிறார்கள். அக்கா, உயிரோடு இருக்கும்போது அது ஒருநாளும் அப்படி நின்றதில்லை. ஒரு காலை மற்றக் காலில் முட்டுக்கொடுத்துத்தான் நிற்கும். கண்ணாடிக் கண்ணால் என்னைப் பார்க்காமல் முதலையைப் பார்த்துக்கொண்டு, பெரிய குதிரைபோல. அந்த நேரம் நீங்கள் "கடிச்ச காயம்" என்று சொல்ல, எனக்குள்ளே என்னவோ எழும்பி வாய்வரை வந்தது. அது வெளியில் வரும்போது சிரிப்பாக வந்துவிட்டது. எனக்கு எது வந்தாலும் அப்படித்தான் வருகிறது. உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முப்பது பேருக்கு முன்னால் உங்களை அவமானப்படுத்திவிட்டேன். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இது வௌவால் கடிதம் இல்லை.

இந்தக் கடிதத்தைப் பேராசிரியரிடமும் பரிசோதகரிடமும் காட்டுங்கோ. அரசாங்கக் குதிரைக்குக் குறி வைத்ததற்கு அப்பாவைப் பிடிப்பார்களோ என்றுதான் முதலில் பயந்தேன். நேற்று அவரிடமே எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே கேட்டார். "என்ரை பேரைப் போடட்டும். எங்கடை குறிதானே" என்றார். பிறகு, "நல்லா வைச்சிருக்கிறாங்களோ?" என்று கேட்டார். "ஓம், நிமிர்ந்து நிக்குது" என்றேன்.

வகுப்பில் மட்டும் சொல்லவேண்டாம். அங்கே நான் குதிரை உதைத்தவன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் வந்து தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். படகில் பெடியன் ஒருவனும் விழப்போகவில்லை. பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தேன், செருப்பு எப்போது கழன்றது என்றே எனக்குத் தெரியாது. இறங்கும்போது அன்ரன் காட்டித்தான் கண்டேன். தழும்பும் அவனுடைய சைக்கிள் பெடல் கிழித்ததுதான்.

என்னை இதுவரை ஒரு குதிரையும் உதைத்ததில்லை, அக்கா. வெட்டும்போது அது தலையை என் மடியில் வைத்துக்கொண்டு கிடந்தது. கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை. முதல் வெட்டில் காதை ஒரு தரம் ஆட்டியது, பிறகு அதுவும் இல்லை. மூன்று தரம் வெட்டினேன். ஒரு தரமாவது உதைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிரதாபன்